கேப்டன் பிரிட்டனின் முதல் 56 தவணைகள்: தேடிச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்வெல் நிறுவனத்தின் பிரிட்டிஷ் சூப்பர் ஹீரோவான கேப்டன் பிரிட்டன் தனி நாயகனாக வந்த ஆரம்பகாலக் கதைகள் 1976, 1977 ஆண்டுகளில் இரண்டு பிரிட்டிஷ் வார இதழ்களில் 56 தவணைகளாக வெளிவந்தன. அவற்றை அசல் இதழ்களாகவே சேர்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொடரைச் சேர்த்து முடித்த பிறகு, புதிதாக இறங்கிய பலருக்குப் பட்டியல் போட உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். பட்டியல் தயாராகும் முன்பே முதல் இதழை வாங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பணம் கட்டுவது ஏழாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு அல்லது கணினியில் ஒரு அட்டவணை. மில்லிமீட்டர் காட்டும் அளவுகோல். நாள்காட்டிக் கணக்குப் போட ஒரு செயலி. கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இலவச இணையப் பட்டியலைத் தேடிப் பழகிய கை. கடைசியாக, செலவுக்கு ஓர் உச்சவரம்பு. அதை இதழுக்கு இவ்வளவு என்று வைக்காமல், தபால் செலவையும் சேர்த்து மொத்தமாக வையுங்கள். லண்டனிலிருந்து வரும் ஒற்றை இதழுக்குப் பல சமயம் இதழின் விலையைவிடத் தபால் செலவு கூடிவிடும்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"முதல் இதழ் வேண்டும்" என்று எழுதினால் போதாது. ஒரு நாயகனுக்கு முதல் தோற்றம், முதல் தனிக்கதை, தனக்கென ஓடிய முதல் தொடர், அமெரிக்க இதழில் முதல் வருகை என்று பல "முதல்"கள் உண்டு. விற்பவர்கள் இவற்றைக் கலந்து எழுதுவார்கள்.

கேப்டன் பிரிட்டன் விஷயத்தில் முதல் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன: 1976 அக்டோபர் 13 தேதியிட்ட "கேப்டன் பிரிட்டன்" வார இதழ் 1. அமெரிக்க வருகை வேறு. அது 1978 ஜனவரி தேதியிட்ட "மார்வெல் டீம்-அப்" 65. அதை முதல் தோற்றம் என்று யாராவது விற்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா நாயகருக்கும் இது இவ்வளவு எளிதாக அமையாது. மார்வெலின் இன்னொரு நாயகனான பிளாக் நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மார்ச்சில் தொடங்கிய "ஹல்க் காமிக்" என்ற பிரிட்டிஷ் வார இதழில் அவருக்கு ஒரு நல்ல தொடர் ஓடியது. ஸ்டீவ் பார்க்ஹவுஸ் எழுதியது. அதையே அவருடைய முதல் தனிக்கதை என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். ஆனால் 1968இலேயே "மார்வெல் சூப்பர் ஹீரோஸ்" 17 என்ற அமெரிக்க இதழில் அவர் தனியாக வந்துவிட்டார். ஹல்க் காமிக் தொடருக்குள் கேப்டன் பிரிட்டனும் வருகிறார், ஆனால் துணையாகத்தான். எனவே அது இந்த 56இல் சேராது.

உங்கள் வரி இப்படி இருக்கட்டும்: "கேப்டன் பிரிட்டன் தனி நாயகனாக வந்த, பிரிட்டனுக்காகவே புதிதாகத் தயாரான வாரக் கதைகள், 1976 முதல் 1977 வரை." இந்த வரிக்குள் வராத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது.

2. இதழைப் பட்டியலிடாமல் கதையைப் பட்டியலிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அமெரிக்க காமிக்ஸில் ஒரு நாயகனின் பெயரில் ஒரு இதழ் இருந்தால், அதை வரிசையாக வாங்கினாலே கதை கிடைத்துவிடும். பிரிட்டிஷ் வார இதழ்கள் அப்படி அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கதம்பம். ஒரு கதைக்குச் சில பக்கங்கள், அடுத்த கதைக்குச் சில பக்கங்கள். விற்பனை குறைந்தால் இதழை இன்னொரு இதழோடு இணைத்துவிடுவார்கள். கதை மட்டும் வீடு மாறி அங்கே தொடரும். இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸில் முழுப் புத்தகமாகப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அந்தக் கதையும் லண்டனில் 1962 முதல் "வேலியன்ட்" வார இதழில் வாரம் சில பக்கங்களாகத்தான் வந்தது.

ஆகவே உங்கள் அட்டவணையின் முதல் நெடுவரிசை தவணை எண். இதழின் பெயர் இரண்டாவதுதான். இப்படி நிரப்புங்கள்:

தவணை 1 முதல் 39 வரை: "கேப்டன் பிரிட்டன்" வார இதழ் 1 முதல் 39 வரை.

தவணை 40 முதல் 56 வரை: "சூப்பர் ஸ்பைடர்-மேன் அண்ட் கேப்டன் பிரிட்டன்" இதழ் 231 முதல் 247 வரை.

இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். 39க்குப் பிறகு 40 எங்கே என்று மாதக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஓர் இதழ் அச்சாகவே இல்லை. கேப்டன் பிரிட்டன் இதழ் 39ஓடு நின்று, ஸ்பைடர்-மேன் இதழோடு இணைந்தது. எண் வரிசை ஸ்பைடர்-மேனுடையது. அதனால்தான் திடீரென்று 231. மறுமுனையிலும் கவனம் தேவை. 247க்குப் பிறகும் அட்டையில் கேப்டன் பிரிட்டன் பெயர் சிறிது காலம் இருந்தது. பிரிட்டனுக்காகத் தயாரான புதிய கதை அதோடு நின்றுவிட்டது. அட்டைப் பெயரை நம்பி வாங்கினால் பட்டியலில் இல்லாத இதழ்கள் வந்து சேரும்.

அடுத்த நெடுவரிசைகளில் கதை எந்தப் பக்கத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று குறியுங்கள். முதல் 23 இதழ்களில் கேப்டன் பிரிட்டன் பக்கங்கள் வண்ணத்தில் வந்தன. 24 முதல் கறுப்பு வெள்ளை. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் 24ஆம் இதழைக் கையில் எடுத்ததும் போலி என்று பயந்துவிடுகிறார்கள்.

இதழின் மற்ற பக்கங்களில் ஃபென்டாஸ்டிக் ஃபோர், நிக் ஃப்யூரி கதைகள் இருக்கும். அவை அமெரிக்க மறுபதிப்புகள். கேப்டன் பிரிட்டன் பக்கங்கள் அப்படி அல்ல. பிரிட்டிஷ் வாசகர்களுக்காகவே புதிதாகத் தயாரானவை. தொடக்கத்தில் கிரிஸ் கிளேர்மான்ட் எழுத, ஹெர்ப் டிரிம்ப் வரைந்தார்; பிறகு வேறு கைகளுக்கு மாறியது. "மார்வெலின் பிரிட்டிஷ் இதழ் என்றாலே மறுபதிப்புதான்" என்று யாராவது சொன்னால், இந்தத் தொடருக்கு அது பொருந்தாது.

3. பெயர் ஒன்று, இதழ் இரண்டு

பட்டியல் தயாரானதும், அதிலுள்ள பெயர்களோடு குழம்பக்கூடிய இதழ்களைப் பக்கத்திலேயே சிவப்பில் எழுதிவையுங்கள். தேடும்போது இவைதான் முதலில் கண்ணில் படும்.

"கேப்டன் பிரிட்டன்" இதழ் 1 என்று இரண்டு உண்டு. ஒன்று 1976 வார இதழ். மற்றது 1985 ஜனவரியில் தொடங்கி 14 இதழ்கள் வந்த மாத இதழ். விளம்பரத்தில் ஆண்டு இல்லாவிட்டால் உடையைப் பாருங்கள். 1976 உடையில் நெஞ்சில் முன்னங்கால் தூக்கி நிற்கும் சிங்கம் இருக்கும். 1981இல் ஆலன் டேவிஸ் உடையை முழுவதும் மாற்றி வரைந்தார், சிங்கம் போய்விட்டது. இந்த ஒரு அடையாளம் போதும். எனக்கு ஒருமுறை 1976 என்று சொல்லி 1985 இதழை அனுப்பினார்கள். விளம்பரத்தில் இருந்த படம் சரியாகத்தான் இருந்தது, பொட்டலத்துக்குள் இருந்தது வேறு. அதிலிருந்து, அனுப்பப் போகும் பிரதியின் படத்தையே கேட்டு வாங்குகிறேன்.

"மார்வெல் சூப்பர் ஹீரோஸ்" என்ற பெயரில் அமெரிக்க இதழும் உண்டு, பிரிட்டிஷ் இதழும் உண்டு. கேப்டன் பிரிட்டன் புதிய உடையில் திரும்பி வந்தது 1981 செப்டம்பரின் பிரிட்டிஷ் இதழ் 377இல். 377 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1972இல் தொடங்கிய "மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்" இதழின் எண் வரிசைதான் பெயர் மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தது. அந்த மைட்டி வேர்ல்டும் 1983இல் மீண்டும் 1இலிருந்து தொடங்கியது. ஆலன் மூர் எழுதிய கேப்டன் பிரிட்டன் கதைகளின் கடைசிப் பகுதி இந்த 1983 வரிசையின் 7 முதல் 13 வரை. 1972 வரிசையின் 7ஐ வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு குழப்பம் விலைக் குறிப்பு. அட்டையில் பென்ஸ் (பிரிட்டிஷ் காசு) விலை இருந்தாலே பிரிட்டிஷ் இதழ் என்று முடிவுகட்டாதீர்கள். அமெரிக்காவில் அச்சாகி பிரிட்டனில் விற்க அனுப்பிய இதழ்களிலும் பென்ஸ் விலை உண்டு. பிரிட்டிஷ் வார இதழ் அகலத்திலும் உயரத்திலும் அமெரிக்க இதழைவிடப் பெரியது. அளவைக் கேட்டால் தெரிந்துவிடும். விலைக்கு முன்னாலோ பின்னாலோ "பி" என்ற எழுத்து இருந்தால் 1971 பிப்ரவரி 15க்குப் பிந்தையது. "டி" மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. அன்றுதான் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது.

4. தேதியைக் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்

வார இதழில் எண்ணும் தேதியும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். இதழ் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து 7ஆல் பெருக்குங்கள். அத்தனை நாள்களை முதல் இதழின் தேதியோடு கூட்டுங்கள்.

இதழ் 8: 7 × 7 = 49. 1976 அக்டோபர் 13இலிருந்து 49 நாள் கழித்து டிசம்பர் 1. இந்த இதழில்தான் நாயகனின் சகோதரி பெட்ஸி பிராடாக் முதலில் தோன்றுகிறாள். பின்னாளில் எக்ஸ்-மென் கதைகளில் சைலாக் ஆனவள் அவள்தான். அதனால் இந்த இதழுக்கு விலை அதிகம், தவறான விளம்பரங்களும் அதிகம். இதழ் 39: 38 × 7 = 266. அது 1977 ஜூலை 6. அடுத்த புதன்கிழமை, ஜூலை 13, இணைந்த இதழின் 231. கதை ஒரு வாரமும் இடைவெளி விடவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 247க்கும் போட்டுப் பாருங்கள். நவம்பர் 2 வரும்.

கணக்கு ஓரிரு நாள் தள்ளி வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். ஸ்பைடர்-மேன் இதழ் தொடங்கிய 1973 பிப்ரவரி 17இலிருந்து 231ஐக் கணக்கிட்டால் ஜூலை 16 சனிக்கிழமை வரும். அட்டையில் ஜூலை 13 புதன். நடுவில் கிழமை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் தள்ளினால்தான் விசாரிக்க வேண்டும். வேறு நிறுவனங்களின் இதழ்களில் அதற்கும் காரணம் உண்டு. 1970 இறுதியில் ஓர் அச்சக வேலைநிறுத்தம் பல பிரிட்டிஷ் வார இதழ்களை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது.

இன்னும் இரண்டு விஷயம். அட்டையில் உள்ள தேதி பொதுவாக அந்த இதழ் கடையில் இருக்கும் வாரத்தின் கடைசி நாள்; இதழ் அதற்குச் சில நாள் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். ஆண்டுமலர்களில் அடுத்த ஆண்டின் எண் இருக்கும். 1978 என்று போட்ட கேப்டன் பிரிட்டன் ஆண்டுமலர் 1977 கிறிஸ்துமஸை ஒட்டி விற்றது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுமலரை 1978 இதழ்களோடு அடுக்கினால் காலவரிசை கெட்டுவிடும்.

5. வாங்கும் முன் மறுபதிப்பில் படியுங்கள்

பானினி நிறுவனம் 2007 முதல் இந்தக் கதைகளைத் தொகுப்புகளாகப் பிரிட்டனில் வெளியிட்டது. ஏதாவது ஒன்றையாவது முதலில் படியுங்கள். கதை தெரிந்தால்தான் விற்பவர் அனுப்பும் உள்பக்கப் படம் எந்தத் தவணை என்று அடையாளம் காண முடியும்.

உதாரணமாக, பிரையன் பிராடாக் (கேப்டன் பிரிட்டனின் இயற்பெயர்) டார்க்மூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தப்பி ஓடுவதும், மெர்லின் முன் தாயத்தா வாளா என்று தேர்ந்தெடுக்க நேர்வதும் ஒரே இதழில் முடிந்துவிடும் கதை அல்ல. தோற்றக்கதை முதல் இரண்டு இதழ்களில் பரவிக் கிடக்கிறது. ஒன்றாம் இதழை மட்டும் வாங்கினால் கதை பாதியில் நிற்கும். இரண்டையும் ஒரே மூச்சில் தேடுவது நல்லது.

6. விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்

முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்க விரிப்பு, ஸ்டேபிள் பின்னின் அருகாமைப் படம், கதையின் முதல் பக்கம். பக்கங்களை எண்ணிச் சொல்லவும் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

நடுப்பக்கத்தை ஏன் தனியாகக் கேட்க வேண்டும்? பின்னிலிருந்து மிக எளிதாகக் கழன்று விழுவது அதுதான். அது போனது மூடிய இதழைப் பார்த்தால் தெரியாது. அட்டையை ஏன் இரண்டு பக்கமும்? அன்றைய பிள்ளைகள் கூப்பன் வெட்டினார்கள், புதிர்க் கட்டங்களை நிரப்பினார்கள். பின்பக்கத்தில் ஒரு கூப்பன் வெட்டினால் மறுபுறம் இருக்கும் படமும் போகும்.

இலவச இணைப்பைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஒன்றாம் இதழோடு காகித முகமூடியும், இரண்டாம் இதழோடு பூமராங்கும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கைக்குப் போன பொருள்கள், மிஞ்சியவை குறைவு. "இணைப்புடன்" என்றால் விலை பல மடங்கு ஏறும், பின்னாளில் அச்சிட்ட நகல் முகமூடிகளும் புழங்குகின்றன. முதல் தொகுப்பு சேர்க்கிறவர் இணைப்பில்லாத பிரதியை வாங்குவதே நல்லது என்பது என் முடிவான கருத்து. அந்தப் பணத்தில் இன்னும் பத்துத் தவணைகள் வாங்கலாம்.

தரச் சொற்களைத் தமிழ்ப் பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். காமிக்ஸ் வணிகத்தில் "குட்" என்றால் பத்துக்கு 2. "வெரி குட்" 4. "ஃபைன்" 6. "வெரி ஃபைன்" 8. "வெரி குட்" என்று படித்துவிட்டுப் புத்தம் புதிய இதழை எதிர்பார்த்தவர் பொட்டலத்தைப் பிரித்ததும் மனம் நொந்துபோவார். விற்றவர் பொய் சொல்லவில்லை, சொல்லின் பொருள் வேறு.

7. கடைசியிலிருந்து வாங்குங்கள்

எல்லோரும் ஒன்றாம் இதழிலிருந்து தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன்: 231 முதல் 247 வரை முதலில், பிறகு 24 முதல் 39, பிறகு 1 முதல் 23.

முதல் இதழை அன்றே பலர் நினைவுக்காக எடுத்துவைத்தார்கள். அதனால் அது விலை அதிகம் என்றாலும் எப்போதும் சந்தையில் இருக்கும். கடைசி இதழ்களை அப்படி யாரும் பொத்திவைக்கவில்லை. அவை ஸ்பைடர்-மேன் குவியலுக்குள் பெயர் தெரியாமல் கிடக்கும், மாதக்கணக்கில் கண்ணில் படாது. தேடல் பெயரையும் மாற்றிப் பாருங்கள். "கேப்டன் பிரிட்டன்" என்று தேடினால் வராதது "சூப்பர் ஸ்பைடர்-மேன் 1977" என்று தேடினால் வரும்.

முடிந்தவரை மொத்தக் கட்டாக வாங்கி, ஒரே பொட்டலமாக அனுப்பச் சொல்லுங்கள். பெயர்பெற்ற 8ஆம் இதழைத் தனியாக வாங்குவதைவிட, அது உள்ளடங்கிய கட்டு சில சமயம் மலிவாகக் கிடைக்கும்.

8. வந்த அன்றே சரிபாருங்கள்

பொட்டலத்தைப் பிரிப்பதைக் கைபேசியில் படம்பிடியுங்கள். பக்கம் எண்ணுங்கள், அட்டவணையில் உள்ள தவணையோடு ஒப்பிடுங்கள், குறை இருந்தால் அன்றே எழுதுங்கள். பல வாரம் கழித்துச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

9. நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி வைத்திருங்கள்

இவை மலிவான நியூஸ்பிரின்ட் தாளில் அச்சானவை. வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுத்து நொறுங்கும். அமெரிக்க காமிக்ஸ் அளவுப் பைகள் இவற்றுக்குப் போதாது. அளவுகோலால் அளந்து, இருபுறமும் சில மில்லிமீட்டர் இடம்விட்டுப் பாலிப்ரொப்பிலீன் பை வாங்குங்கள். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. பிவிசி பைகள் வேண்டாம், காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும்.

கடலோர ஊர்களில் ஸ்டேபிள் பின் துருப்பிடிப்பதுதான் பெரிய தொல்லை. துரு தாளில் இறங்கினால் திரும்பாது. பையோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்துருண்டையை இதழ்களோடு போடாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

அட்டையின் மேல் மூலையில் பென்சிலாலோ பேனாவாலோ ஒரு எண்ணோ பெயரோ இருந்தால் அழிக்காதீர்கள். எந்த வீட்டுக்குப் போட வேண்டும் என்று பத்திரிகைக் கடைக்காரர் போட்ட குறிப்பு அது. ரப்பர் போட்டால் அட்டையின் மையும் உரிந்துவரும். ஒரே எழுத்தில் ஒரே எண் உள்ள இதழ்கள் வெவ்வேறு விற்பவர்களிடமிருந்து உங்களிடம் வந்து சேர்ந்தால், 1976இல் ஒரே வீட்டுக்குப் போன இதழ்களாக அவை இருக்கக்கூடும். அட்டவணையில் அதற்கென்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.